டப்பா, மூடி, கரண்டி, பூட்டு: சிறு குழந்தைகளின் கற்றலிடத்தில் வீட்டுப் பொருட்கள்

ஒன்பது மாதக் குழந்தையின் முன்னால் பிளாஸ்டிக் பொம்மைக் கரண்டி ஒன்றையும் சமையலறையில் புழங்கும் எவர்சில்வர் கரண்டி ஒன்றையும் வையுங்கள். எவர்சில்வர் கரண்டி கையில் கனக்கிறது, தொட்டால் ஜில்லென்று இருக்கிறது, தரையில் தட்டினால் கணீரென்கிறது, குழிந்த பக்கத்தில் முகம் தலைகீழாகத் தெரிகிறது. பெரியவர்கள் கையில் தினமும் பார்த்த பொருள் என்பதால் அதன்மேல் ஏற்கெனவே ஒரு கண்ணும் இருக்கும். பொம்மைக் கரண்டிக்கும் பொம்மைக் காருக்கும் வாயில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் ஒரே வழவழப்பு, ஒரே கனம்.

அதற்காக வீட்டுச் சாமான்களை அள்ளிக்கொண்டு வந்து ஒரு தொட்டியில் கொட்டிவிட்டால் போதாது. எந்தப் பொருள், எத்தனை, எதில் வைத்து, எந்த வயதுக்கு என்ற நான்கில் ஒன்று பிசகினாலும் ஐந்து நிமிடத்தில் எல்லாம் தரையில் கிடக்கும். குழந்தைக்கு ஆர்வமில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். பெரும்பாலும் தவறு நாம் எடுத்துவைத்த விதத்தில்தான்.

முதலில் ஒதுக்க வேண்டியவை

பொருட்களைச் சேர்ப்பதற்கு முன்பே வடிகட்டும் வேலையை முடித்துவிடுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தொண்டையில் சிக்கும் அபாயம்தான் முதல் கவலை. பொம்மைகளைச் சோதிக்கப் பயன்படும் உருளையின் உள்விட்டம் சுமார் 32 மி.மீ.; அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. கையில் அந்த உருளை இல்லையென்றால் கழிவறைக் காகிதச் சுருளின் நடுக்குழாயை வைத்துக்கொள்ளுங்கள். அதன் விட்டம் ஏறக்குறைய 4 செ.மீ. என்பதால் இன்னும் கண்டிப்பான சோதனையாகவே அமையும். குழாய்க்குள் நுழைந்தால் ஒதுக்கிவிடுங்கள். பந்து போல் உருண்டையாக இருப்பவற்றுக்கு 4.5 செ.மீ.க்கு மேல் விட்டம் இருக்க வேண்டும், ஏனென்றால் உருண்டை மூச்சுப்பாதையை இடைவெளியே இல்லாமல் அடைத்துவிடும். மூன்று வயதைத் தாண்டியும் எதையும் வாயில் வைக்கிற குழந்தை குழுவில் ஒன்று இருந்தால்கூட முழுக் குழுவுக்கும் இதே அளவுதான்.

அளவு சரியாக இருந்தாலும் சில பொருட்கள் உள்ளே வரவே கூடாது. பட்டன் பேட்டரி இருக்கும் எதுவும் வேண்டாம். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். ரிமோட், பாடும் வாழ்த்து அட்டை, சமையல் தராசு ஆகியவற்றில் அது ஒளிந்திருக்கும். சிறிய வலுவான காந்தங்கள், பலூன், நெகிழிப் பை, 20 செ.மீ.க்கு மேல் நீளமான கயிறு, சாவி கொடுத்து ஓடும் பழைய கடிகாரம் (உள்ளே இறுகிய சுருள்வில் தெறிக்கும்), மின் இணைப்பில் ஓடிய எந்தச் சாதனமும் கூடாது. வண்ணம் உரியும் பழைய சாமான்களிலும் பழைய மெருகுப் பீங்கானிலும் ஈயம் இருக்கலாம். சாவியைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை: எளிதாக வெட்ட வரும் என்பதற்காகப் பித்தளைச் சாவிகளில் பெரும்பாலும் சிறிதளவு ஈயம் கலந்திருக்கும். வாயில் வைக்கும் வயதுக்குப் பித்தளைச் சாவிக்கொத்தைக் கொடுக்காதீர்கள்.

மாத்திரை டப்பா, தரை துடைக்கும் திரவ பாட்டில், பூச்சிமருந்துக் குப்பி ஆகியவற்றை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்த வேண்டாம். குழந்தை அந்த வடிவத்தையும் நிறத்தையும் விளையாட்டுப் பொருளாக மனதில் பதித்துக்கொள்ளும். நாளை வீட்டில் நிரம்பிய குப்பி கண்ணில் பட்டால் அதே உரிமையோடு திறக்கும்.

மிஞ்சிய ஒவ்வொன்றையும் இழுத்து, முறுக்கி, இடுப்பு உயரத்திலிருந்து கெட்டித்தரையில் ஐந்து முறை போட்டுப் பாருங்கள். பிறகு ஓரங்களில் ஒரு துண்டுப் பஞ்சைத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். பஞ்சு எங்கே மாட்டுகிறதோ அங்கே விரலும் கிழியும். மரத்தில் சிலாம்பு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம். தகர டப்பாவின் வெட்டிய விளிம்பைச் சரிசெய்ய முயலாமல் டப்பாவையே தள்ளிவிடுவது நல்லது. மேலே ஒட்டும் டேப்பைக் குழந்தைகள் அரை மணியில் உரித்துவிடுவார்கள்.

உட்காரும் குழந்தைக்கு ஒரு கூடை

தானாக உட்காரத் தெரிந்து, இன்னும் தவழ்ந்து ஓடாத பருவத்துக்குக் கூடையைப் போல் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. இதை ஒரு முறையாக வகுத்தவர் எலினார் கோல்ட்ஷ்மீட், இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் பணியாற்றிய ஆங்கிலேயக் கல்வியாளர். கூடை வட்டமாக, தட்டையான அடியோடு, சுமார் 35 செ.மீ. அகலமும் 10 முதல் 12 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும், கைப்பிடி இருக்கக் கூடாது. இந்த அளவுகளுக்குக் காரணம் உண்டு. இதைவிட உயரமானால் குழந்தைக்கு உள்ளே இருப்பது தெரியாது. அகலம் குறைந்தால், விளிம்பில் கையூன்றும்போது கூடை கவிழும். கைப்பிடி இருந்தால் எட்டி எடுக்கும் கையை மறிக்கும்.

கூடையை விளிம்புவரை நிரப்புங்கள். பத்துப் பொருள் மட்டும் போட்டால் குழந்தைக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்காது. 50, 60 பொருட்கள் இருந்தால்தான் கிளறி, ஒதுக்கி, விட்டதைத் தேடி எடுக்கும் வேலை நடக்கும். இத்தனையையும் ஒரே நாளில் சேர்க்க முடியாது. 25-ல் தொடங்கி வாரம் சிலவாகக் கூட்டுங்கள். உலோகம் (கரண்டி, சிறு கிண்ணம், வடிகட்டி), மரம் (மத்து, வளையம், துணி கிளிப்), நார் மற்றும் முடி (பிரஷ், பின்னிய பிரிமணை), துணியும் தோலும் (கைக்குட்டை, சிறு பர்ஸ்), முகம் பார்க்க உடையாத அக்ரிலிக் கண்ணாடி என்று வகை கலந்திருக்கட்டும். பிளாஸ்டிக்கைத் தவிர்க்கக் காரணம் வெறும் அழகியல் மட்டுமில்லை. வாசனையிலும் வெப்பத்திலும் கனத்திலும் பிளாஸ்டிக் பொருட்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். கூடையின் நோக்கமே வேறுபாடு.

நீண்ட மெல்லிய காம்புள்ள கரண்டி தொண்டைவரை போகும். காம்பு குட்டையாகவோ முனை பருத்தோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். முகத்தில் விழுந்தால் வலிக்கும் அளவு கனமான எதுவும் வேண்டாம்.

பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், பேசாமல். எடுத்துக் கொடுப்பது, ஆட்டிக்காட்டுவது, “இது என்ன?” என்று கேட்பது எதுவும் வேண்டாம். குழந்தை நிமிர்ந்து உங்களைப் பார்த்தால் நீங்களும் பார்த்தால் போதும். 20 நிமிடம் முதல் 40 நிமிடம்வரை ஒரே இடத்தில் ஆழ்ந்திருக்கும் குழந்தைகளை இந்தக் கூடையைச் சுற்றிப் பார்க்கலாம்.

நடக்கத் தொடங்கியவர்களுக்கு: போடுவதும் எடுப்பதும்

ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கூடை பற்றாது. அது போட வேண்டும், கொட்ட வேண்டும், சுமந்துகொண்டு போக வேண்டும். இங்கே ஒரே வகைப் பொருள் நிறைய வேண்டும்: ஐம்பது அகன்ற மூடிகள், முப்பது அட்டைக் குழாய்கள், இருபது மர வளையங்கள், வெட்டிய துணித் துண்டுகள். ஒவ்வொரு வகையும் தனித்தனித் துணிப்பையில் இருக்கட்டும். பையின் சுருக்குக் கயிற்றைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும். கூடவே வாயகன்ற டப்பாக்கள் தாராளமாக வேண்டும், ஒரு குழந்தைக்குக் குறைந்தது மூன்று.

இந்த வயதில் சண்டை வருவதற்குப் பெரும்பாலும் பொருள் போதாததே காரணம். “பகிர்ந்துகொள்” என்று அதட்டுவதைவிட இன்னும் இருபது மூடி சேர்ப்பது பலன் தரும்.

அறையில் இருக்கும் மற்ற பொம்மைகளை மூடிவைத்துவிட்டு, மூன்று நான்கு வகைகளைச் சிறு குவியல்களாக இடம்விட்டுப் பரப்புங்கள். மொத்தம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்துவைப்பதற்கு. பையை விரித்துப் பிடித்து “மூடி எல்லாம் இங்கே” என்றால் போதும். குழந்தைகள் தேடித் தேடிக் கொண்டுவந்து போடுவார்கள். வகை பிரித்தல் என்ற பாடம் அங்கே தானாகவே நடந்துவிடுகிறது.

திருகு மூடி

இரண்டரை வயதுக்கு மேல் கைகளுக்கு நிஜ வேலை தேவைப்படுகிறது. இங்கே சிறிது நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் மிக எளிதாகத் தெரியும் வேலையில்தான் குழந்தை மாட்டிக்கொள்கிறது.

மூடியைத் திருகும் குழந்தையின் கையைக் கிட்டத்தில் பாருங்கள். மூடியைப் பிடித்து இடப்பக்கம் திருப்பும். பிடியை விடாமலே கையை மறுபடி வலப்பக்கம் கொண்டுவரும். திறந்த அளவு மூடிக்கொள்ளும். இப்படியே பத்து முறை செய்தாலும் மூடி அதே இடத்தில் இருக்கும். குறை பலத்தில் இல்லை. திருப்பு, விடு, மறுபடி பிடி, திருப்பு என்ற நான்கு அசைவுகளில் ‘விடு’ மட்டும் விட்டுப்போகிறது. பேசாமல் மெதுவாக ஒருமுறை செய்து காட்டுங்கள், விடும் இடத்தில் விரல்களை நன்றாக விரித்து. அதற்கும் முன்னால், கால் சுற்றில் திறந்துகொள்ளும் வாயகன்ற டப்பாவில் தொடங்குவது புத்திசாலித்தனம். அங்கே விட்டுப் பிடிக்கத் தேவையே இல்லை. மூன்று சுற்றுக்குமேல் மரையுள்ள பாட்டில் கடைசியில் வரட்டும். மூடியின் விட்டம் 5 முதல் 7 செ.மீ. இருந்தால் சிறு உள்ளங்கைக்குள் அடங்கும். 10 செ.மீ. மூடியை அந்தக் கை கவ்வ முடியாது.

இரண்டாவது சிக்கல், மூடியோடு சேர்ந்து டப்பாவும் சுற்றுவது. அடியில் ஈரத்துணி ஒன்றை மடித்துப் போடுங்கள், அல்லது டப்பாவில் கனமாக ஏதாவது வையுங்கள். மூன்றாவது, மூடும்போது மரை கோணலாக ஏறுவது. மூடியை மேலே வைத்து முதலில் பின்பக்கமாக, அதாவது திறக்கும் பக்கமாகத் திருப்பச் சொல்லுங்கள். மரை ‘டக்’கென்று இறங்குவது விரலில் தெரியும். அந்த இடத்திலிருந்து முன்பக்கம் திருகினால் நேராக ஏறும். நான்கு வயதுக் குழந்தை அந்த ‘டக்’கை ஒருமுறை உணர்ந்துவிட்டால் எல்லா மூடியிலும் அதைத் தேடும்.

ஒரு தட்டில் ஐந்து டப்பாவும் ஐந்து மூடியும் தனித்தனியாக வைத்தால் பொருத்துவதும் திருகுவதும் ஒரே வேலையாகிவிடும். அளவுகளில் கண்ணால் பார்த்ததுமே தெரியும் வித்தியாசம் இருக்கட்டும். கிட்டத்தட்ட ஒரே அளவு மூடிகள் இரண்டு இருந்தால், தவறான மூடியும் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளும். தன் தவறு தெரியாமல் குழந்தை குழம்பும்.

ஊற்றுவது

பலர் உலர்ந்த தானியத்தில் தொடங்குகிறார்கள். சின்னக் குழந்தைகளுக்குத் தண்ணீரே மேல். தானியமணி மூக்கிலும் காதிலும் போகும், சிந்தினால் பொறுக்க வெகுநேரம் ஆகும். தண்ணீரின் மட்டம் தெளிவாகத் தெரியும், சிந்தினால் ஒரு துணி போதும்.

மூக்குள்ள இரண்டு சிறு ஜக்குகள், ஒவ்வொன்றும் 250 மி.லி. அளவில். விளிம்பு 2 செ.மீ. உயர்ந்த தட்டு, குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு மடித்த பருத்தித் துணி. தட்டின் கீழே ஒரு துண்டு விரித்திருந்தால் தரை வழுக்காது. ஸ்பாஞ்ச் அழகாக உறிஞ்சும் என்றாலும் கடித்துத் துண்டாக்கும் குழந்தைகள் இருப்பதால் துணியே போதும்.

ஒரு ஜக்கில் 100 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள், அதற்குமேல் வேண்டாம். முக்கால் ஜக் இருந்தால் லேசாகச் சாய்த்ததுமே குபுக்கென்று கொட்டும். குழந்தை பயந்து ஜக்கைச் சட்டென நிமிர்த்தும், மீதியும் சிந்தும். அடியில் கொஞ்சமாக மட்டும் இருந்தால் மணிக்கட்டை முழுதாகத் திருப்ப வேண்டிவரும், அது இந்த வயதுக்குக் கடினம். வாங்கும் பாத்திரம் கொடுக்கும் பாத்திரத்தைவிடச் சிறியதாக இருக்கவே கூடாது. இரண்டும் ஒளி ஊடுருவுவதாக இருந்தால் மட்டம் ஏறுவதைப் பார்த்து நிறுத்தக் குழந்தை தானே கற்றுக்கொள்ளும்.

இதில் கை தேறியதும் ஒரு ஜக்கும் இரண்டு டம்ளரும் கொடுங்கள். டம்ளர்களின் வெளிப்பக்கம் ஒரே உயரத்தில் கோடு. இரண்டு கோட்டுக்கும் சரியாகப் போதும் தண்ணீரை மட்டும் நீங்களே அளந்து ஜக்கில் வையுங்கள். முதல் டம்ளரில் கோட்டைத் தாண்டினால் இரண்டாவதில் குறையும். யாரும் சொல்லாமலே தவறு கண்முன் நிற்கும்.

தண்ணீர் இருக்கும் நேரம் முழுவதும் பெரியவர் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். சில சென்டிமீட்டர் ஆழமே சிறு குழந்தைக்கு ஆபத்து. வேலை முடிந்ததும் வாளியையும் தொட்டியையும் உடனே கவிழ்த்துவிடுங்கள்.

கிளிப்பும் பூட்டும்

துணி கிளிப்பை உங்கள் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் மட்டும் பிடித்துத் திறந்து பாருங்கள். அப்படித் திறந்தால் மூன்று வயதுக் கைக்கும் பெரும்பாலும் திறக்கும். திறக்கவில்லையென்றால் குழந்தை இரண்டு கையாலும் மல்லுக்கட்டும். பலரும் வாய்க்கு அருகில் பிடித்து அழுத்துவார்கள், அங்கே எவ்வளவு அழுத்தினாலும் பலனில்லை. விரல் வைக்க வேண்டிய பின்முனையில் இருபுறமும் ஒரு புள்ளி வைத்துவிட்டால் சொல்லித்தரத் தேவையில்லை. கிண்ணத்தின் விளிம்பில் மாட்டுவதைவிடக் கெட்டி அட்டையில் மாட்டுவது எளிது.

பூட்டுகளுக்குப் பலகை வேண்டும். தளதளவென்று கையில் ஆடும் பூட்டைத் திறக்க மூன்றாவது கை தேவைப்படும். ஒரு மரப்பலகையில் கொண்டிகளை அடித்து அவற்றில் பூட்டுங்கள். ஒரு பூட்டு, ஒரு சாவி என்று தொடங்கி, சில நாள் கழித்து அளவில் நன்றாக வேறுபட்ட இரண்டு, பிறகு மூன்று. சாவி சுற்ற மறுத்தால் பெரும்பாலும் முழுதாக உள்ளே போகவில்லை என்று பொருள். பலத்தைக் காட்டினால் சாவி வளையும். பூட்டு இறுகினால் எண்ணெய் விடாதீர்கள், தூசி பிசுக்காகும். பென்சில் கரித்தூளைச் சாவியில் தடவிச் சிலமுறை திறந்து மூடுங்கள். பித்தளைச் சாவி என்றால் வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும்.

நான்கு வயதுக்கு மேல்: ஒப்பிடுவதும் அளப்பதும்

வகை பிரிக்கக் கொடுக்கும் பொருட்களில் முதலில் ஒரே ஒரு வேறுபாடு மட்டும் இருக்கட்டும். நிறம், அளவு, உருவம் மூன்றும் கலந்த பொத்தான் குவியலைக் கொட்டிவிட்டு “பிரி” என்றால் எதை வைத்துப் பிரிப்பது என்று தெரியாமல் குழந்தை வரிசையாக அடுக்கத் தொடங்கும். ஒரே அளவு மூடிகள், மூன்று நிறம். அது பழகியபின் ஒரே நிறம், மூன்று அளவு. கலந்த குவியல் அதற்குப் பிறகு. அப்போது “எப்படிப் பிரித்தாய்?” என்று கேட்டால் நீங்கள் எதிர்பாராத விதி ஒன்று வெளிவரும்: துளை இரண்டு உள்ளவை, வழுக்குபவை, வீட்டில் அம்மா சட்டையில் இருப்பவை. அந்த விதியை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

தராசுக்கு ஒரு துணி ஹேங்கர் போதும். இரு முனைகளிலும் ஒரே மாதிரி டப்பாக்களைச் சம நீளக் கயிற்றில் கட்டி, மெல்லிய ஆணியில் தொங்கவிடுங்கள். தடித்த கம்பியில் மாட்டினால் உரசல் காரணமாகச் சாய்ந்த இடத்திலேயே நின்றுகொள்ளும். காலியாக இருக்கும்போது ஒரு பக்கம் தாழ்ந்தால், உயர்ந்த டப்பாவின் அடியில் களிமண் ஒட்டிச் சமன்செய்யுங்கள். இதைச் செய்யாமல் கொடுத்தால் பெரிய பொருள் கனமில்லாமலும் சிறிய பொருள் கனமாகவும் இருக்கலாம் என்ற அருமையான கண்டுபிடிப்பு பாழாகும்.

ஒலி டப்பாக்கள் ஆறு, மூன்று ஜோடி. டப்பாக்கள் ஒரே மாதிரி, உள்ளே இருப்பது தெரியாதபடி. ஒரு ஜோடியில் மணல், ஒன்றில் கூழாங்கல், ஒன்றில் துணிக்குச்சம். கால் பங்குக்கு மேல் நிரப்பினால் உள்ளே இருப்பது அசைய இடமில்லாமல் சத்தம் மழுங்கிவிடும். ஜோடி இரண்டிலும் ஒரே அளவு அளந்து போட்டு, மூடியை ஒட்டிச் சீல் வையுங்கள். ஜோடியின் அடியில் ஒரே நிறப் புள்ளி இருந்தால் குழந்தை கவிழ்த்துத் தானே சரிபார்க்கும்.

சொற்கள்

“இது வடிகட்டி” என்று பெயர் சொல்வதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். வீட்டுப் பொருட்கள் தமிழில் அள்ளித் தருவது வினைகளையும் ஒலிக்குறிப்புகளையும். மொள், சாய், கவிழ், வடி, திருகு, நெம்பு, அமுக்கு, அடுக்கு, கோர் என்று ஒவ்வொரு செயலுக்கும் தனிச்சொல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ‘போடு’, ‘எடு’, ‘பண்ணு’ என்று பேசினால் அவ்வளவும் வீண். வழவழ, சொரசொர, பிசுபிசு, கலகல, சலசல, ணங் என்பவற்றைப் பொருள் குழந்தையின் கையில் இருக்கும்போதே சொல்லுங்கள். வேலையில் ஆழ்ந்திருக்கும்போது குறுக்கிடாமல், அது நிமிர்ந்து பார்க்கும் நேரத்தில் ஒரு சொல் போதும்.

சேர்ப்பது, கழுவுவது, எண்ணுவது

குடும்பங்களிடம் கேட்கும்போது “வீட்டில் வேண்டாத பொருள்” என்று கேட்காதீர்கள், உடைசல்தான் வரும். “மூடியோடு கூடிய எவர்சில்வர் டப்பா, உள்ளங்கை அளவு, இரண்டு” என்று குறிப்பாக எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒன்றாவது அறையில் இருப்பது நல்லது. தன் வீட்டுக் கிண்ணத்தை அலமாரியில் பார்க்கும் புதுக் குழந்தை அழுகையை நிறுத்தி அதன் பக்கம் நகர்வது நடக்கக்கூடியது. திருப்பித் தர வேண்டியதா இல்லையா என்பதை வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாயில் போன பொருட்களை அன்றன்றைக்கே சோப்பு நீரில் தேய்த்து அலசிக் காயவையுங்கள். எவர்சில்வரைக் கொதிநீரில் போடலாம். மரத்தை ஊறவைத்தால் பிளந்துகொள்ளும். விரைவாகக் கழுவி, துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். முழுதாகக் காயாத மரமும் பிரிமணையும் மூடிய பெட்டிக்குள் போனால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். அட்டைக் குழாய்களைக் கழுவ முடியாது. நசுங்கியதும் அல்லது நனைந்ததும் எறிந்துவிடுங்கள்.

ஒவ்வொரு தட்டின் அடியிலும் அதில் இருக்க வேண்டிய பொருட்களின் எண்ணிக்கையை எழுதி ஒட்டுங்கள். நாள் முடிவில் எண்ணும்போது ஒரு பொத்தான் குறைந்தால், அது கிடைக்கும்வரை தரையைத் தேடுங்கள். அடுத்த நாள் காலையில் அந்த அறைக்குள் முதலில் தவழ்ந்து வருவது ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கலாம்.